யாழ்ப்பாணக் குடாநாட்டில் இயற்கை அவதானிப்பு: அணில், வண்ணத்துப்பூச்சி, காட்டுப்பூ

இலங்கையின் வடமுனையிலுள்ள யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றால் கிடைக்கிறது. ஆகவே இங்கு சிற்றுயிர்களையும் பூக்களையும் பார்ப்பதற்குரிய இடங்கள் அடர்காடுகள் அல்ல; பனங்கூடல், தரவை, வயல்வரம்பு, பூவரசும் கிளுவையும் நிற்கும் வளவு வேலி, வடமராட்சி கிழக்கின் மணல்மேடுகள் ஆகியனவே.

முற்காலப் பதிவுகள் மருந்து சார்ந்தவை. செகராசசேகரம், பரராசசேகரம் எனும் வைத்திய நூல்கள் ஏராளமான செடிகளைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. அவை ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தவை என்பது மரபு. இன்றுள்ள வடிவம் முழுவதும் அக்காலத்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. போர்த்துக்கேய, ஒல்லாந்தக் காலங்களில் இலங்கைத் தாவரங்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன. 1747இல் லின்னேயஸ் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலின் அடிப்படை, தீவின் தென்மேற்கில் பணியாற்றிய பவுல் ஹெர்மனின் சேகரிப்பு.

மிக விரிவாகத் தெரியவரும் காலம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அதற்குக் காரணமானவர் எட்கர் லேயார்ட் (1824–1900). 1846இல் இலங்கைக்கு வந்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இருந்த அவர், பருத்தித்துறையில் நீதவானாகவும் பணியாற்றினார். அவர் திரட்டியவை கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தைக் கவனித்த எட்வர்ட் பிளைத்தின் கைக்குப் போயின. இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் 1861இல் இலங்கையின் இயற்கை வரலாற்றை நூலாக்கியபோது லேயார்டின் குறிப்புகளையே பல இடங்களில் நம்பினார்.

குடாநாட்டு அணிலுக்கு அறிவியற் பெயர் கிடைத்ததும் இக்காலத்திலேயே. முதுகில் மூன்று வெண்கோடுகள் கொண்ட பனை அணிலை லின்னேயஸ் 1766இல் பெயரிட்டிருந்தார். அதன் வட இலங்கை வடிவத்தைப் பிளைத் 1849இல் ‘ப்ரோடியி’ எனப் பிரித்தார், மூலமாதிரி பருத்தித்துறைக்குரியது. ப்ரோடி என்பவர் சிவில் சேவை அதிகாரி எனக் கொள்ளப்படுகிறது. இலங்கையில் பனை அணிலின் துணையினங்கள் எத்தனை என்பதில் ஆசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. அதே ஆண்டில் லேயார்டின் பெயரைப் பிளைத் வேறோர் அணிலுக்கு இட்டார். அது குடாநாட்டுக்குரியதன்று, ஈரவலயக் காட்டுக்குரியது. பனை அணில் கள்ளுக்கு ஆசைப்பட்டே பனையேறுகிறது என்று பழைய ஐரோப்பிய நூல்கள் எழுதின. அது முட்டியில் வாய் வைப்பது இருக்கலாம். ஆனால் பனங்கூடல் அதற்கு முதலில் கூடு கட்டும் இடம். இராமர் தடவியதால் கோடுகள் விழுந்தன என்ற கதை, சேதுவுக்கு இத்தனை அருகிலுள்ள இவ்வூர்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்தது.

இக்காலத்தைச் சொல்லும்போது முத்துவை விட்டுவிடலாகாது. லேயார்டின் வீட்டில் சமையலும் ஏவலும் பார்த்த இவர், பருத்தித்துறையில் ஒரு சிறு பழுப்புநிற ஈப்பிடிப்பான் குருவியைக் கொண்டுவந்து கொடுத்தார். 1854இல் அதை விவரித்த லேயார்ட், தம் சிறந்த பறவைகளுள் பல முத்துவின் பொறுமையாலும் வேட்டைத் திறனாலும் கிடைத்தவை என்று ஒப்புக்கொண்டு ‘முத்துயி’ எனப் பெயரிட்டார். குருவி இக்கட்டுரையின் பொருளுக்கு வெளியே நிற்பது. எனினும் அறிவியற் பெயரில் நிலைத்த இந்தச் சமையற்காரரின் பெயர், அக்காலச் சேகரிப்பு யாருடைய கண்ணாலும் காலாலும் நடந்தது என்பதற்கு எழுத்திலுள்ள தெளிவான சான்று.

தாவரங்களுக்கு அடிப்படை நூல் ஹென்றி ட்ரைமனின் கையேடு (1893–1900). மூன்று பாகங்கள் வெளிவந்தபின் 1896இல் அவர் இறக்க, ஜோசப் ஹூக்கர் அதை முடித்தார். தமிழ்ப் பெயர்களையும் சேர்த்துத் தருவது இதன் பெரும் பயன். குடாநாட்டின் பூக்களுள் கார்த்திகைப்பூ முதன்மையானது. மழைக்குப் பின் வேலிகளில் இலைநுனியாலேயே பற்றி ஏறி, மஞ்சளாக விரிந்து சிவப்பாக முதிரும். கலப்பைக்கிழங்கு எனப்படும் அதன் கிழங்கில் கொல்லும் நஞ்சுண்டு. சங்க நூல்களின் காந்தள் இதுவே என்பது பெரும்பான்மைக் கருத்து. வெண்காந்தள் எதுவென்பதில் ஒருமை இல்லை. தும்பை, நெருஞ்சி, துத்தி, ஆவாரை, நாயுருவி ஆகியவை தரவையிலும் தெருவோரத்திலும் எளிதில் காணத்தக்கவை.

வண்ணத்துப்பூச்சிகளுக்கு பிரெடெரிக் மூரின் நூலும் (1880–1887), உட்ஹவுஸும் ஹென்றியும் 1942இல் வெளியிட்ட நூலும் முக்கியமானவை. குடாநாட்டில் இவற்றைத் தேட நல்ல வழி, புழு உண்ணும் செடியைத் தேடுவது. எருக்கலையில் செம்மஞ்சள் வரியன். தேசி மரத்தில் கறுப்பும் மஞ்சளும் கலந்தது. ஆடுதின்னாப்பாளையில் சிவந்த உடலும் கருஞ்சிறகும் கொண்டது. வெண்சிறகின் நுனி குருதிச் சிவப்பான ஒன்று விழுதியை நாடும். உகாயும் முட்சங்கும் நிற்கும் வறண்ட கரையோரங்களில், இளஞ்சிவப்பு ஆரஞ்சு நிறச் சிறுபூச்சி தாழப் பறக்கும். ஈரவலயத்தார் காணக் கிடைக்காத அழகு இது. கூட்டமாகப் பறப்பவை சிவனொளிபாத மலைக்குச் செல்கின்றன என்பது தீவெங்கும் வழங்கும் நம்பிக்கை. 1927இல் சி. பி. வில்லியம்ஸ் தென்னிந்திய, இலங்கைப் பதிவுகளைத் தொகுத்து இவ்விடப்பெயர்வை ஆராய்ந்தார். பாக்கு நீரிணையை எவ்வளவு வழக்கமாகக் கடக்கின்றன என்பது தீர்ந்த வினா அன்று.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உயிரியல் மாணவரை வகுப்பறைக்கு வெளியே கொண்டுசெல்ல அறிவியல் ஆசிரியர்கள் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தை உருவாக்கினர். இன்று அதன் பெயர் உயர்தர மாதிரிப் பரீட்சைகளாலேயே பெரிதும் அறியப்படுகிறது. எழுத்துப் பதிவுகளுக்கு இழப்பும் நேர்ந்தது: 1981இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் களப்பதிவு மிகக் குறைவு.

2015இல் சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் தேசியப் பூங்காக்களாயின. வான் டெர் பூர்ட்டன் இணையரின் இலங்கை வண்ணத்துப்பூச்சி நூல் 2016இல் வெளிவந்தது.