பனியாக்களின் மரம்

ஷார்ஜாவில் என் வீட்டு பால்கனியில், ஒரே தொட்டிக்குள் ஏழு ஆலங்கன்றுகளைச் சேர்த்துக் கட்டி வளர்க்கிறேன். பருத்த அடிமரம் கொண்ட போன்சாய் ஆக்குவது எண்ணம். ஆலுக்கு ஆங்கிலப் பெயர் பிறந்ததே இந்த வளைகுடாவின் கரையில்தான் என்று படித்த பிறகு வந்த ஆசை இது.

1622இல் பாரசீகரும் ஆங்கிலேயரும் சேர்ந்து ஹோர்முஸ் தீவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். வணிகம் எதிரே இருந்த கோம்ப்ரூனுக்கு, அதாவது இன்றைய பந்தர் அப்பாஸுக்கு மாறியது. ஊருக்கு அருகே பெரிய ஆலமரம் ஒன்று நின்றது. குஜராத்திலிருந்து வந்த பனியா வணிகர்கள் அதனடியில் சிறு கோயில் கட்டி வழிபட்டார்கள். அதைக் கண்ட ஐரோப்பியர் 'பனியன் மரம்' என்றார்கள். ஒற்றை மரத்தின் பெயர் நாளடைவில் இனம் முழுமைக்கும் ஆனது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தக் கதையைப் பதிவு செய்திருக்கிறது. இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே 1623இல் சூரத்தில் ஆலமரத்தைப் பார்த்தபோது, இதே மரத்தை ஹோர்முஸுக்கு அருகே பாரசீகக் கரையில் கண்டதை நினைவுகூர்ந்தார். நாம் சட்டைக்குள் போடும் பனியனுக்கும் அதே வணிகர்களின் பெயர்தான். நம் 'வணிகன்' என்ற சொல்லும் அதற்கு உறவு.

சிறு தொட்டியில் வைத்த மரம் சாகாது, பருக்கவும் செய்யாது. இலைகள் உண்டாக்கும் உணவுதான் தண்டில் கட்டையாகச் சேர்கிறது. ஆகவே போன்சாய்க்காரர்கள் கன்றைச் சில ஆண்டுகள் நிலத்தில் விட்டு வளர்ப்பார்கள். அடியில் ஒரு கிளையை வெட்டாமல் ஓடவிட்டு, அடிமரம் பருத்ததும் அறுத்தெடுப்பார்கள். வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் பரவ, அடியில் ஓடு வைப்பதும் உண்டு.

வாடகை வீட்டில் எனக்கு நிலமில்லை. ஆனால் ஆலுக்கு வேறொரு வழி உண்டு. நெருக்கிக் கட்டிய தண்டுகள் பருக்கும்போது பட்டையோடு பட்டை அழுந்தி ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். ஊரில் பனையைச் சுற்றிய ஆலின் வேர்கள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாவதைப் பார்த்திருப்பீர்கள். அதே குணம்தான். கோடையின் புழுக்கத்தில் என் கன்றுகள் வேகமாகத் துளிர்க்கின்றன. தொட்டி வெயிலில் காய்ந்து வேர் வெந்துவிடாமல் நிழலுக்கு நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் ஆண்டில் நான்கு தண்டுகள் சேர்ந்துவிட்டன.

அடிமரத்துக்காக இத்தனை பாடுபடுகிறேன். ஆலுக்கோ அது இல்லாமலும் முடியும். கல்கத்தா தாவரவியல் தோட்டத்துப் பெரிய ஆலின் தாய்மரத்தை, பூஞ்சை தாக்கியதால் 1925இல் வெட்டியெடுத்தார்கள். அடையாறு பிரம்மஞான சபை ஆலின் தாய்மரம் 1989இல் புயலில் சாய்ந்தது. இரண்டும் விழுதுகளில் நிற்கின்றன.

அடுத்த ஆண்டு என் ஒப்பந்தம் முடிகிறது. மண்ணோடு செடியை விமானத்தில் கொண்டுபோவது எளிதல்ல. அல் ஐனில் தோட்டமுள்ள வீட்டில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நிலத்தில் வைத்தால் நன்றாகப் பருக்கும். அப்புறம் அதைத் தொட்டிக்குத் திருப்ப யாருக்கும் மனம் வராது. கொடுத்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன்.