ஆற்றுப்படையும் சாம்பல் பாலையும்

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். 1889இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள் முதலாக இவற்றை வள்ளல்களின் புகழாகவும், யாழின் வருணனையாகவும், திணைக் காட்சிகளாகவும் படித்து வருகிறோம். அடிப்படையில் இவை வழி சொல்லும் குரல்கள் என்பது எளிதில் மறந்து போகிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வருபவனை நிறுத்தி, எந்த வழியாகப் போவது, எங்கே தங்குவது, யார் வீட்டில் என்ன உண்ணக் கிடைக்கும் என்று சொல்கிறான். தொல்காப்பியர் புறத்திணையியலில் இதற்கு இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறார்.

அயல்நாடுகளில் இன்று இதற்கு வேறு வடிவம் கிடைத்திருக்கிறது. 1952இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகம் வானொலிக் கருவியைப் பார்வையாளர் காதில் பொருத்தி, ஓவியங்களைப் பற்றிப் பேச வைத்தது. அந்த யோசனை பின்னர் மகிழுந்துக்குள்ளும் புகுந்தது. அமெரிக்கப் பாலைநிலங்களில் தனியே வண்டி ஓட்டிச் செல்பவருக்கு, வண்டி எந்த இடத்தை அடைகிறதோ அந்த இடத்தின் கதையைக் கைப்பேசியே சொல்லத் தொடங்கிவிடுகிறது. இதைக் கேள்விப்பட்டபோது நமக்கு ஓர் ஆசை பிறந்தது. பெரும்பாணாற்றுப்படையைக் காதில் கேட்டபடி, அது பாடிய தொண்டை நாட்டிலேயே ஓர் ஒற்றைப் பயணம் போய்வந்தால் என்ன?

நண்பர் ஒருவர் நிறுத்தி நிதானமாகப் படித்துத் தந்த ஒலிப்பதிவோடு, சென்ற கோடையில் ஒரு ஞாயிறு விடியலில் மாத்தூரிலிருந்து கிளம்பினோம். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பாணன் காஞ்சிக்கு, தொண்டைமான் இளந்திரையனிடம் போகிறான். நாம் எதிர்த்திசையில், மணலி வழியாக எண்ணூர்க் கழியை நோக்கிப் போனோம். ஆகவே பாட்டின் ஊர்கள் நம் வழியில் வரமாட்டா. திணைகளாவது வருமா என்பதுதான் கேள்வி.

மணலியில் 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் சுடர் வானில் தெரியும்போது, ஒலிப்பதிவில் உமணர் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. காடிப் பானையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட உப்பு வண்டி. குழந்தையோடு அமர்ந்த பெண் எருதுகளை ஓட்டுகிறாள். நமக்கு முன்னும் பின்னும் கண்டெய்னர் லாரிகள். (உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு கட்டியிருக்கும் என்பதைப் புறநானூற்றில் ஔவையார் சொல்கிறார். இன்றைய ஸ்டெப்னிக்கு அத்தனை வயது!) இந்த வட்டாரத்துக்கு உப்பு அன்னியமானதல்ல. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய கால்வாயே, 1877-78 பஞ்ச நிவாரணப் பணிகளுக்குப் பின் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. உப்பும் விறகும் அதில் படகேறி நகரத்துக்குப் போயின. அத்திப்பட்டுப் பக்கம் உப்பளங்கள் பரந்து கிடந்தன.

நாப்பாளையத்தில் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தைக் கடந்து, வல்லூர், அத்திப்பட்டு தாண்டிச் செப்பாக்கம் பக்கம் திரும்பியபோது வெயில் ஏறிவிட்டது. அங்கே வண்டியை நிறுத்தினோம். கண்ணுக்கெட்டிய மட்டும் வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு சமவெளி. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. காற்று வீசும்போது தரையின் மேல்தோல் எழுந்து நகர்ந்தது. 1990களில் இயங்கத் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஏரி அது. எரிந்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய்வழி இங்கே அனுப்புகிறார்கள். தண்ணீர் வற்றினால் எஞ்சுவது இந்த வெளி. குழாய்கள் கசிந்த இடங்களில் சாம்பல் ஆற்றிலும் கழியிலும் படிந்து, நீரின் ஆழத்தைக் குறைத்திருக்கிறது.

பாட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, எயினர் குடியிருப்புப் பகுதியை மறுபடி ஓடவிட்டோம். ஈந்தின் இலை வேய்ந்த குடிசை. எயிற்றியர் இரும்பு முனைக் கோலால் தரையைக் கிண்டி, எறும்புகள் சேர்த்து வைத்த புல்லரிசியை எடுக்கிறார்கள். நிலத்திலேயே குழித்த உரலில் அதைக் குற்றி, ஆழக் கிணற்றின் உவர்நீரை எடுத்து, வாய் உடைந்த பானையில் சமைத்து, உப்புக்கண்டத்தோடு விருந்தாளிக்குத் தருகிறார்கள். பாலை நிலத்து மனிதரிடம் கூட உண்ணக் கிடைக்கும், அஞ்சாமல் போ என்பதே அந்தப் பகுதியின் செய்தி. எறும்புப் புற்றில் அரிசி தேடிய அந்தக் கைகளைக் கேட்கும்போது, எண்ணூர்க் கழியில் இடுப்பளவு நீரில் நின்று, கைகளாலேயே இறால் துழாவிப் பிடிக்கும் இருளர்கள் நினைவுக்கு வந்தார்கள். சேற்றில் சாம்பல் படியப் படிய அவர்கள் கைக்கு அகப்படுவது குறைகிறது.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலை ஆகும் என்று இளங்கோவடிகள் காடுகாண் காதையில் காரணம் சொல்கிறார். அங்கே திரிவிப்பது கதிரவன். மழை வந்தால் நிலம் பழைய கோலத்துக்குத் திரும்பிவிடும். செப்பாக்கத்தில் திரிந்திருப்பது நெய்தல். நெய்தல் திரிந்து பாலையாகும் என்று நாம் அறிந்த இலக்கணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. கடலும் கழியும் வற்றுவதை யார் கற்பனை செய்திருப்பார்? மழை வந்தும் இந்தப் பாலை மாறுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிக்குள் வந்து சேர்ந்தது எண்ணெய்ப் படலம்.

இந்த இடத்தைப் பற்றிய குரல்கள் இல்லாமலும் இல்லை. 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த புறம்போக்குப் பாடல் இந்தச் சாம்பல் வெளியில்தான் படமாக்கப்பட்டது. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு எண்ணூர்ச் சாம்பல் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் வழியில் போகிறவனை நிறுத்தி, இது இன்ன இடம், இங்கே முன்பு இது இருந்தது என்று சொல்லும் குரல் ஒன்றையும் நாம் அங்கே கேட்கவில்லை. கைப்பேசியின் வரைபடம், செப்பாக்கத்தில் நின்றபோதும், திரும்பிப் போகும் பாதையை மட்டுமே நினைவூட்டிக்கொண்டிருந்தது.

மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் தம் கூத்தரிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறார்: வழி பிரிந்து குழப்பும் இடங்களில், பின்னால் வரும் புதியவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார். ஆற்றுப்படை இலக்கியம் முழுவதிலும் நமக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். நன்னனின் கொடையைக் காட்டிலும்.

திரும்பும் வழியில், அத்திப்பட்டுக்குச் சற்று முன்னால், வடமாநிலப் பதிவெண் கொண்ட ஒரு லாரி ஓரங்கட்டி நின்றிருந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வழி கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. நமக்கு இந்தி அரைகுறை. கையை நீட்டித் திசை காட்டினோம். சாம்பல் குழாய்கள் ஓடும் இடத்தை அடையாளமாகச் சொன்னோம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். நாம் வரும்போது பார்த்த தேநீர்க்கடை எத்தனை தூரத்தில் இருக்கிறது, அங்கே என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினோம்.