டைனமோக் காலத்து லாரிகள்

லாரி ஓட்டுகிறவர்கள் மின்சார விஷயமாகக் கொண்டுவரும் முறையீடுகள் பெரும்பாலும் இரண்டே. செல்ஃப் எடுக்கவில்லை என்பது ஒன்று. சார்ஜ் ஏறவில்லை என்பது மற்றொன்று. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும், பாடி கட்டும் பட்டறைக்கும் டயர்க் கடைக்கும் நடுவே ஒடுங்கிய அறைகளில் தொழில் நடத்திவரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களின் ஜீவனம் நெடுங்காலமாக இவ்விரண்டு வாக்கியங்களை நம்பியே நடந்துவந்திருக்கிறது. ஆயினும் லாரி பிறந்த காலத்தில் இவ்விரு முறையீடுகளுக்கும் இடமே இருந்ததில்லை என்பதையும், அவை தோன்றிய விதத்தையும், அவற்றின் மூலத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை தலைமுறைக்குத் தலைமுறை உருமாறிய விதத்தையும் எண்ணிப் பார்ப்போர் அதிகம் இல்லை.

1917-ல் ஃபோர்டு கம்பெனியார் வெளியிட்ட மாடல் டிடி என்னும் ஒரு டன் லாரியில், தொடக்கத்தில் செல்ஃப் மோட்டாரும் இல்லை, டைனமோவும் இல்லை. ஃப்ளைவீலோடு சேர்ந்து சுழன்ற காந்தங்களே பற்றவைப்பதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கொடுத்தன. அதே மின்சாரத்தில் எரிந்த முன்விளக்குகள், என்ஜின் விரைந்தால் பிரகாசிப்பதும் மெதுவானால் மங்குவதுமாக இருந்தன. வண்டியைக் கிளப்புவது முன்புறத்து ஹாண்டிலைப் பிடித்துச் சுழற்றும் புஜபலத்தின் காரியம். பற்றவைப்பு நேரம் சற்று முந்திவிட்டால் என்ஜின் எதிர்த்திசையில் உதைத்துச் சுழற்றுபவனின் மணிக்கட்டை முறித்துவிடும். ஆகையால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதே புதிதாகச் சேர்ந்த கிளீனர் முதலில் கற்ற பாடம்.

இந்த அபாயத்தினின்று மனிதரை விடுவித்தவர் சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கர். என்ஜினைச் சுழற்ற மோட்டார் சில விநாடிகள் மட்டுமே பாடுபட வேண்டியிருப்பதால், தன் சக்திக்கு மிஞ்சிய சுமையை அந்தச் சொற்ப நேரம் அது தாங்கிக்கொள்ளும். ஆதலால் பெரிய மோட்டார் வேண்டியதில்லை என்பதே அவர் கண்ட சூட்சுமம். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அமைந்த அவருடைய ஏற்பாட்டில், ஒரே யந்திரம் கிளப்பும்போது 24 வோல்ட்டில் மோட்டாராகவும், ஓடும்போது 6 வோல்ட்டில் டைனமோவாகவும் இருவேடம் பூண்டது. பிரெஞ்சுக்காரரான பிளாந்தே 1859-லேயே கண்டுபிடித்துவைத்த ஈய-அமில பேட்டரிக்கு, மோட்டார் வண்டியில் நிரந்தரமான ஸ்தானம் கிடைத்தது இதன் பிறகுதான்.

இங்கேதான் சிக்கலும் பிறந்தது. பேட்டரி கொடுப்பதை செல்ஃப் தின்கிறது. செல்ஃப் தின்றதை டைனமோ நிரப்புகிறது. ஒன்றில் நேர்ந்த குறை மற்றொன்றில் தலைகாட்டுகிறது. காலையில் செல்ஃப் எடுக்காமல் நிற்கும் லாரியில் செல்ஃப் மோட்டார் நிரபராதியாக இருக்கலாம். முந்தின இரவெல்லாம் சார்ஜ் கொடுக்காத டைனமோவோ, டைனமோவின் தளர்ந்துபோன பெல்ட்டோ குற்றவாளியாக இருக்கலாம். முறையீடு ஓரிடத்திலும் காரணம் வேறிடத்திலுமாக இருப்பதே இத்தொழிலின் சுபாவம். அதனால் எலக்ட்ரீஷியனின் சாமர்த்தியம் ஸ்பானர் பிடிப்பதைவிட எந்த இடத்தில் தேடத் தொடங்குவது என்பதில்தான் அதிகம் வெளிப்பட்டிருக்கிறது.

ஆரம்பகால அமெரிக்க டைனமோக்களில் மூன்றாவது கார்பன் ஒன்று உண்டு. அதை இப்படியும் அப்படியுமாக நகர்த்திச் சார்ஜின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்தார்கள். பேட்டரி நிறைந்துவிட்டதா இல்லையா என்பதை அந்த ஏற்பாடு அறியாது. பகலில் மட்டும் ஓடும் வண்டியில் அது பேட்டரித் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்யும், இரவுப் பயணம் அதிகமுள்ள வண்டியிலோ விளக்குக்கே போதாமல் தவிக்கும். வண்டியின் வேலை நேரத்தை விசாரித்தறிந்து கார்பனை நகர்த்திவைப்பதே அன்றைய சிகிச்சை. பின்னர் வோல்டேஜ் ரெகுலேட்டரும் கட்-அவுட்டும் ஒரே பெட்டிக்குள் வந்து அமர்ந்த பிறகு இந்த விசாரணைக்கு அவசியம் குறைந்ததென்றாலும், பெட்டியின் மூடியைத் திறந்தால் காயிலும் பிளாட்டினமும் கண்ணெதிரே இருந்தன. கட்-அவுட்டின் பிளாட்டினம் ஒட்டிக்கொண்டால், நின்ற வண்டியில் பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாய்ந்து அதைச் சூடாக்கிக் கருக்கிவிடும். அனுபவசாலி மூக்கினாலேயே அதை அறிந்துகொள்வார்.

லூகாஸ் வகை டைனமோவில் டி, எஃப் என இரு முனைகள். வயர்களைக் கழற்றிவிட்டு அவ்விரண்டையும் துண்டு வயரால் இணைத்து, அதிலிருந்து எர்த்துக்கு வோல்ட்மீட்டரையோ, மீட்டர் இல்லாத கடையில் டெஸ்ட் லாம்பையோ தொடுத்து என்ஜினை மெல்ல வேகப்படுத்தினால், ஆரோக்கியமான டைனமோவில் முள் விரைந்து ஏறும், அல்லது விளக்கு பளிச்சென்று எரியும். எரிந்தால் குற்றம் ரெகுலேட்டரிலோ வயரிங்கிலோ. எரியாவிட்டால் டைனமோவைக் கழற்ற வேண்டியதுதான். இரண்டு நிமிஷத்துக்குள் வழக்கைப் பாதியாக்கிவிடும் இப்பரீட்சையை விடச் சிக்கனமான பரீட்சை வேறெதையும் நான் கண்டதில்லை. கழற்றிய பிறகு தேய்ந்த கார்பனை மாற்றுவதும், கம்யூட்டேட்டரின் இடைவெளிகளில் எழும்பிய மைக்காவை ஹாக்ஸா பிளேடால் சுரண்டித் தாழ்த்துவதும், வெந்துபோன ஆர்மேச்சருக்கு மறுபடி காயில் சுற்றுவதும் அந்த அறைக்குள்ளேயே நடந்தேறின.

பேட்டரிக் கடைகளின் வரலாறு தனியே சொல்லத் தக்கது. மின்சாரம் எட்டாத கிராமங்களில் ரேடியோவும், பொதுக்கூட்டத்து ஒலிபெருக்கியும் மோட்டார் பேட்டரியைக் கொண்டு பேசிய அந்நாட்களில், இரவு முழுவதும் வரிசையாகப் பேட்டரிகளைச் சார்ஜுக்குப் போட்டுவைக்கும் கடைகள் லாரிக்காரர்களை மட்டுமன்றி ஊராரையும் ஆதரித்தன. தன்னுடையது தேறும்வரை வாடகைக்கு ஒரு பேட்டரி எடுத்துக்கொண்டு போவது சகஜமான வழக்கம். அக்காலத்துப் பேட்டரி, கறுத்த ரப்பர்ப் பெட்டிக்குள் அமைந்து, தார் பூசிய மேற்பரப்பில் செல்லுக்குச் செல் ஈயப் பட்டைகள் வெளியே தெரியக் கிடக்கும். கவட்டை முனையுள்ள செல் டெஸ்டரை அப்பட்டைகளின்மேல் ஊன்றினால், ஆறு செல்களுள் செத்துப்போனது எதுவென்று தெரிந்துவிடும். தாரை உருக்கி அந்த ஒரு செல்லை மட்டும் வெளியிலெடுத்துத் தகடு மாற்றினார்கள். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ராமீட்டர், நிறைந்த பேட்டரியில் ஏறக்குறைய 1.250 முதல் 1.280 வரையிலும், இறங்கிப்போனதில் 1.150-க்குக் கீழும் காட்டும். எல்லாச் செல்களும் ஒருசேரத் தாழ்ந்திருந்தால் குற்றம் சார்ஜில். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் குற்றம் பேட்டரியில். பிளாஸ்டிக் பெட்டி வந்து ஈயப் பட்டைகள் உள்ளே மறைந்தபோது செல் டெஸ்டருக்கு ஊன்ற இடமில்லாமல் போயிற்று. தகடு மாற்றும் தொழிலும் அதனோடு அஸ்தமித்தது.

நம் நாட்டில் எலக்ட்ரீஷியனுக்கு உண்மையான மதிப்பு ஏற்பட்டது டீசலின் வரவால் என்பது என் அபிப்பிராயம். 1954-ல் டெல்கோ கம்பெனியார் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் பூண்டது. இவர்களுடைய டீசல் லாரிகள் சாலைகளில் பெருகியபோது, பெட்ரோல் என்ஜினைப் போல் ஹாண்டில் போட்டுக் கிளப்பலாம் என்ற தைரியம் போய்விட்டது. டீசல் என்ஜினுக்குள் காற்று பதினைந்து பதினாறு மடங்குக்கும் மேலாக நெருக்கப்பட வேண்டும். அந்த நெருக்கத்தை மீறிச் சுழற்றுவது மனிதக் கைக்கு அடங்குவதன்று. ஆயினும் ஒரு முறை கிளம்பிவிட்டால் அன்றைய டீசல் என்ஜினுக்கு மின்சாரமே வேண்டாம். ஆதலால் செல்ஃப் செத்த வண்டியை இரவில் சரிவான இடமாகப் பார்த்து நிறுத்திவைத்து, காலையில் உருட்டி கியரில் விட்டுக் கிளப்பி, சாப்பாட்டு வேளையிலும் என்ஜினை அணைக்காமல் ஓட்டிச் செல்லும் உபாயம் டிரைவர்களிடையே வேரூன்றியது. பகலில் ஒன்றும் தெரியாது. இருட்டியபின் முன்விளக்கு மஞ்சளாகி மங்கும்போதுதான் சார்ஜ் இல்லை என்னும் உண்மை புலப்படும்.

செல்ஃபைப் பரீட்சிப்பதில் காதும் கண்ணுமே பிரதான கருவிகள். முன்விளக்கைப் போட்டுவிட்டு செல்ஃபை அழுத்திப் பார்ப்பார்கள். விளக்கு அறவே அணைந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் உப்புப் பூத்திருக்கிறது. விளக்கு சற்றும் மங்காமல் செல்ஃபும் மௌனமாக இருந்தால் ஸ்விட்சிலோ சாலினாய்டிலோ மின்சாரம் தடைப்பட்டிருக்கிறது. கடகடவென்று சாலினாய்டு அடித்துக்கொண்டால் அதை இழுக்க வலிவிருந்தும் பிடித்துவைக்கப் பேட்டரிக்கு வலிவில்லை. மோட்டார் மட்டும் விர்ரென்று சுழன்று என்ஜின் அசையாதிருந்தால், மோட்டாரை ஃப்ளைவீலோடு கோக்கும் பெண்டிக்ஸில் குற்றம். புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசும்போது எழும் கனத்த முனகலையும் பழகிய காது பிரித்தறியும்.

1961-ல் சென்னைப் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியபின் செல்ஃபும் டைனமோவும் இங்கேயே உற்பத்தியாயின. அதற்கு ஓராண்டு முன்னர் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனியார் தங்கள் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் புகுத்தியிருந்தனர். ஆறு சிலிக்கான் டையோடுகளின் துணையால் மெல்ல ஓடும்போதும் சார்ஜ் கொடுக்கும் இந்த யந்திரம் நம் லாரிகளில் பரவப் பல ஆண்டுகள் சென்றன. பரவியபோது பழைய பழக்கங்கள் சில விபரீதமாயின. ஓடும் என்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பதும், முனைகளை உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்ப்பதும் டைனமோ பொறுத்துக்கொண்ட விளையாட்டுகள். டையோடு பொறுப்பதில்லை, அந்தக் கணமே மடிந்துபோகும். டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு வழியாகச் செல்லும் சிறு மின்சாரமே பலவகை ஆல்டர்னேட்டர்களின் ரோட்டரை முதலில் உசுப்புகிறது. பல்பு ஃபியூஸானால் ஆல்டர்னேட்டரும் உறங்கிவிடும். சில ரூபாய் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் புதிய ஆல்டர்னேட்டரை விற்றுவிட்ட கடைகள் இருந்தன என்பதை இத்தொழிலின் பெருமை பேசுகிறவர்களும் மறுக்கமாட்டார்கள். சாவியைத் திருப்பி, ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கொண்டுபோய், காந்தம் இழுக்கிறதா என்று பார்த்திருந்தாலே போதும்.

டையோடும் ஐசி ரெகுலேட்டரும் கண்ணுக்குப் புலப்படாத உள்விஷயங்களாக ஆகிவிட்டபடியால் மல்டிமீட்டர் இன்றியமையாததாயிற்று. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த லாரியில், ஓய்வில் 25 வோல்ட்டுக்குச் சற்று மேலும், ஓடும்போது 28-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும் என்பதை இன்று சிறுவனும் சொல்லுவான். எண்ணைப் படிப்பது சுலபம். அதை எந்த இரு முனைகளுக்கு நடுவே படிப்பது என்பதில்தான் பழைய வித்தை மிஞ்சியிருக்கிறது. செல்ஃப் சுழலும்போது பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் என்ஜினின் உடம்புக்கும் இடையே மீட்டரை வைத்தால், அது காட்டும் எண் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், பேட்டரியும் செல்ஃபும் நல்லவையாயிருந்தும், என்ஜினைச் சேஸியோடு இணைக்கும் எர்த் பட்டை துருவேறியோ தளர்ந்தோ கிடக்கிறது. பட்டையில் வழி கிடைக்காத பெருமின்சாரம் ஆக்ஸிலேட்டர் கேபிளின் வழியாகவோ கிளட்ச் கேபிளின் வழியாகவோ திரும்பிச் செல்ல முயன்று அவற்றைச் சூடாக்குவதும் உண்டு. கேபிள் அடிக்கடி இறுகிப்போகிறது என்று முறையிட்டு வந்த டிரைவருக்கு எர்த் பட்டையைச் சுரண்டி முடுக்கிக் கொடுத்து அனுப்பிய எலக்ட்ரீஷியன்களைப் பற்றிய கதைகள் இப்பட்டறைகளில் வழங்கிவருகின்றன.

2020 முதல் விற்பனைக்கு வந்த பிஎஸ்-6 லாரிகளில் என்ஜினையே கம்ப்யூட்டர் ஆள்கிறது. மின்சாரமின்றி ஓடும் பழைய டீசலின் சுதந்திரம் அவற்றுக்கு இல்லை. வோல்டேஜ் தாழ்ந்தால் தள்ளிவிட்டும் கிளம்பாது. அதே தாழ்வினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல பாகங்கள் பழுதென்று ஸ்கேனர் திரையில் நிரல் நிரலாக எழுத்துக்கள் தோன்றும். அவற்றை அப்படியே நம்பி சென்ஸார்களை மாற்றத் தொடங்குகிறவர்களும் உண்டு. முதலில் பேட்டரி டெர்மினலையும் எர்த் பட்டையையும் கழற்றித் தேய்த்து மாட்டிவிட்டு, திரையின் அந்த எழுத்துக்களை அழித்து, மறுபடி எவை தோன்றுகின்றன என்று பார்க்கிறவர்களும் உண்டு.