கொச்சிச் சீனவலை: பெயர் தரும் சான்று

கொச்சிக் கோட்டைக் கரையில் வைகறை வேலியேற்றத்தின்போது சீனவலை நீரில் இறக்கப்படும். (மலையாளத்து வேலியேற்றம் கடலேற்றமே, தமிழ் வேலியை நினைந்து மொழிபெயர்ப்போர் வழுவுவர்.) நான்கு வளைகழிகளில் தொங்கும் வலை சில நிமிடம் நீருள் கிடக்கும். பின், கயிற்றிற் கோத்த கற்களின் எடை துணைசெய்ய, நால்வர் ஐவர் கூடி அதனை உயர்த்துவர்.

1405 முதல் 1433 வரை நிகழ்ந்த செங் ஹோவின் கடற்பயணங்களோடு இவ்வலை வந்ததென்பது பெருவழக்கு. அதற்குப் பெரிதும் காட்டப்படுவது பெயரே. ஆயின் மலையாளத்துச் சீனச்சட்டி, சீனபரணி, தமிழ்ச் சீனவெடி, சீனக்காரம் ஆகியவற்றில் ‘சீன’ என்னும் அடை பொருளின் மூலத்தைச் சுட்டுகிறதேயன்றி, கொணர்ந்தவரைச் சுட்டவில்லை. வலையின் உறுப்புப் பெயர்களிற் போர்த்துகீசியச் சொற்களைக் காணும் அறிஞர், மக்காவிலிருந்து போர்த்துகீசியரே அதனைக் கொணர்ந்தனர் என்பர். கருவியைக் கற்பித்தவரிடமிருந்தே உறுப்புப் பெயர்களும் பெறப்படுமாதலின், இவை முழுப்பெயரினும் வலிய சான்று. போர்த்துகீசியர் மக்காவில் 1557இல் நிலைகொண்டு, கொச்சியை 1663இல் டச்சுக்காரரிடம் இழந்தனர். அறிஞர் கூற்று மெய்யாயின், வலையின் வருகை இவ்விரு ஆண்டுகளுக்கு இடைப்பட்டதாதல் வேண்டும்.