ரட்லண்டு: ஒரு சிறிய கவுண்டியின் கதை

ஒரு நிலப்பகுதி தன் காரியங்களைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டுமானால், அது எவ்வளவு பெரியதாக இருத்தல் வேண்டும்? இக்கேள்வி நமக்குப் புதியதன்று. 1956-இல் நிகழ்ந்த மாநிலச் சீரமைப்பையும், அதன் பின்னர்ப் பழைய ஜில்லாக்கள் பிரிந்து புதிய ஜில்லாக்கள் தோன்றியதையும் நாம் அறிவோம். பிறந்த ஊர் இன்று ஒரு ஜில்லாவிலும், கையிலுள்ள பழைய சான்றிதழ் வேறொரு ஜில்லாவின் பெயரிலுமாக, வெளி மாநிலங்களில் வாழ்ந்துவரும் தமிழர் பலர். இதே கேள்வி இங்கிலாந்தின் நடுவே உள்ள ஒரு சிறு கவுண்டியைப் பன்னெடுங்காலம் அலைக்கழித்து வந்திருக்கிறது. அதன் பெயர் ரட்லண்டு.

கவுண்டி என்பது ஏறத்தாழ நம்முடைய ஜில்லாவைப் போன்றது. இங்கிலாந்தில் தொன்றுதொட்டு வழங்கிவந்த கவுண்டிகள் 39. அவற்றுள் மிகச் சிறியது ரட்லண்டு. வடக்கு தெற்காக 18 மைல், கிழக்கு மேற்காக 17 மைல், இவ்வளவே அதன் நீள அகலம். மொத்தப் பரப்பு ஏறக்குறைய 382 சதுர கிலோமீட்டர். அதாவது, இன்றைய சென்னை மாநகராட்சியின் பரப்பைவிடக் குறைவு. 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 41,000 பேர். நம் நாட்டிலே ஒரு நடுத்தரப் பேரூரின் ஜனத்தொகை அது.

லண்டனுக்கு வடக்கே, 100 மைலுக்கு உட்பட்ட தொலைவில், கடற்கரை இல்லாத உள்நாட்டுப் பகுதியில் இக்கவுண்டி அமைந்துள்ளது. மேற்கிலும் வடக்கிலும் லெஸ்டர்ஷைர், வடகிழக்கில் லிங்கன்ஷைர், தெற்கில் நார்தாம்டன்ஷைர் என மூன்று பெரிய கவுண்டிகள் இதனைச் சூழ்ந்திருக்கின்றன. வெல்லண்டு என்னும் ஆறு தெற்கு எல்லையாக ஓடுகிறது. குவாஷ், சேட்டர் என்னும் சிற்றாறுகள் நடுநிலத்தை நனைக்கின்றன. மலை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. மிக உயர்ந்த மேடும் கடல் மட்டத்திற்கு மேல் 200 மீட்டரை எட்டுவதில்லை. மேய்ச்சல் நிலங்களும் தானிய வயல்களும் நிறைந்த இப்பகுதியில் நல்ல கட்டடக் கல் கிடைக்கிறது. கெட்டன் என்ற ஊரின் சுண்ணாம்புக் கல் கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் சுவர்களில் இடம் பெற்றது. கிளிப்ஷாம் கல்லைக் கொண்டு லண்டன் பார்லிமெண்டு மாளிகை பழுது பார்க்கப்பட்டது. ஓக்கம், அப்பிங்கம் என்ற இரண்டே சந்தை நகரங்கள். இவற்றுள் ஓக்கம் தலைநகர். 1584-ஆம் ஆண்டில் ராபர்ட் ஜான்சன் என்ற பாதிரியார் இவ்விரு நகரங்களிலும் நிறுவிய இரு பள்ளிகள் இன்றளவும் புகழுடன் விளங்குகின்றன.

இத்தனை சிறிய நிலம் தனிக் கவுண்டியானது எவ்வாறு? ஆங்கில அரசர்கள் இப்பகுதியைத் தம் அரசியருக்குச் சீதன பூமியாக வழங்கும் வழக்கம் இருந்தது. பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட எட்வர்டு அரசரின் பட்டத்தரசி எடித் என்பவரின் பெயர், எடித் வெஸ்டன் என்ற சிற்றூரின் பெயரில் இன்னும் வாழ்கிறது. நார்மானியர் நாட்டைக் கைப்பற்றியபின், 1086-இல் தயாரித்த டூம்ஸ்டே என்னும் நிலக் கணக்கேட்டில் ரட்லண்டு தனிக் கவுண்டியாக இல்லை. அதன் வட பகுதி நாட்டிங்கம்ஷைரோடும் தென் பகுதி நார்தாம்டன்ஷைரோடும் சேர்த்து எழுதப்பட்டுள்ளது. அடுத்த நூற்றாண்டிலேதான் அது தனிக் கவுண்டியாக அரசாங்க ஏடுகளில் தலை காட்டுகிறது. அரசியின் உடைமை என்று பிரித்து வைக்கப்பட்டதே பின்னர்த் தனி நிர்வாகத்துக்கு வித்தாயிற்று என்று நாம் கொள்ளலாம்.

அந்நாளில் கவுண்டிக்கு அரசரின் பிரதிநிதி ஷெரீப். கவுண்டிக்கு ‘ஷைர்’ என்பது பழைய பெயர். ‘ரீவ்’ என்றால் மணியக்காரர். ‘ஷைர் ரீவ்’ என்ற இரு சொற்களும் கூடி ‘ஷெரீப்’ ஆயின. மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர்கள் அந்நகரங்களின் ஷெரீப் என்ற கௌரவப் பதவியைக் கேள்விப்பட்டிருப்பர். சென்னையிலும் அப்பதவி முன்பு இருந்தது. அதன் மூலம் இந்தக் கவுண்டி நிர்வாகமே.

ஓக்கம் நகரில், பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வால்கெலின் டி பெரர்ஸ் என்ற பிரபு எழுப்பிய மாளிகையின் பெருமண்டபம் இன்றும் அழியாமல் நிற்கிறது. அதன் சுவர்களில் 200-க்கும் மேற்பட்ட குதிரை லாடங்கள் தொங்குகின்றன. அவ்வூர் வழியே முதன்முறை செல்லும் பிரபு எவரும், அரச குலத்தவர் உட்பட, அந்த மாளிகையின் தலைவருக்கு ஒரு லாடம் காணிக்கை செலுத்த வேண்டும் என்பது மரபு. இன்று எஞ்சியுள்ள லாடங்களுள் மிகப் பழையது நான்காம் எட்வர்டு அரசர் 1470-ஐ ஒட்டிக் கொடுத்தது என்பர். பிறவிடங்களில் லாடத்தின் முனைகளை மேல்நோக்கி மாட்டுவார்கள். இங்கோ கீழ்நோக்கி மாட்டுவார்கள். இம்மண்டபத்தில்தான் பன்னூறு ஆண்டுகளாக நீதிமன்றமும் கூடி வந்தது. பெரிய பிரபுவும் சிறிய ஊரின் உரிமையை ஒப்புக்கொண்டு போகவேண்டும் என்ற எண்ணம் இவ்வூராரின் உள்ளத்தில் ஆழப் பதிந்ததில் வியப்பில்லை. ‘சிறியதில் பெரிது’ என்ற பொருள்படும் லத்தீன் தொடரையே இக்கவுண்டி தன் சின்னத்தில் பொறித்துக்கொண்டது. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா என்று நாம் சொல்வதில்லையா?

இனி ஸ்தல சுயாட்சிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரையில் ஆங்கிலக் கவுண்டிகளை ஆண்டவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அல்லர். நம் நாட்டில் முன்பு இருந்த கௌரவ மாஜிஸ்திரேட்டுகளை ஒத்த நிலச்சுவான்தார்கள், மூன்று மாதத்திற்கு ஒருமுறை கூடி, வழக்குகளைத் தீர்ப்பதோடு பாலங்களுக்கும் சிறைச்சாலைகளுக்கும் வரி விதித்து வந்தனர். 1882-இல் இந்தியாவில் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சி பற்றிய தமது புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். அவருடைய பெயரைத்தான் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை தாங்கி நிற்கிறது. ஸ்தல சபைகளில் தேர்தல் முறை பரவ வேண்டும் என்று அவர் இங்கே வற்புறுத்திய நாளில், அவருடைய தாய்நாட்டுக் கவுண்டிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை ஒன்றுகூட இல்லை! 1888-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே, 1889-இல் ரட்லண்டு உள்ளிட்ட கவுண்டிகளுக்குத் தேர்தல் மூலம் அமைந்த கவுண்டி சபைகள் கிடைத்தன.

சிறிய ஆட்சி என்றால் நல்லாட்சி என்று முடிவு கட்டிவிடலாகாது. அதற்கும் ரட்லண்டிலேயே சான்று உண்டு. 1875-இல் அப்பிங்கம் பள்ளியில் விஷக் காய்ச்சல் பரவி, மாணவர் சிலர் மாண்டனர். கெட்ட சாக்கடையும் கெட்ட கிணற்று நீருமே காரணம் எனத் தெரிந்தது. ஆனால், சுகாதாரப் பொறுப்பை ஏற்றிருந்த ஸ்தல சபையில் சுற்றுவட்டாரக் கிராமங்களின் வரி செலுத்துவோரும் இருந்தனர். நகரத்துச் சாக்கடைக்குத் தாம் ஏன் பணம் தரவேண்டும் என்று அவர்கள் தயங்கினர். பொறுமை இழந்த தலைமையாசிரியர் எட்வர்டு திரிங், 1876-இல் பள்ளி முழுவதையும், ஆசிரியர்களும் ஏறத்தாழ 300 மாணவர்களுமாக, வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் உள்ள போர்த் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோய் ஓராண்டுக் காலம் அங்கேயே நடத்தினார். பள்ளியை நம்பிப் பிழைத்த கடைக்காரர்கள் கலங்கினர். அதன் பின்னரே நகரின் சாக்கடையும் குடிநீரும் சீர்பெற்றன. அக்கம்பக்கத்தார் கையில் அதிகாரம் இருந்தால் அன்பும் இருக்கும், சிக்கனம் என்ற பெயரில் கஞ்சத்தனமும் இருக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இருபதாம் நூற்றாண்டில் நிர்வாகச் செலவு பெருகிற்று. பள்ளிகள், சாலைகள், நூலகங்கள், முதியோர் பராமரிப்பு ஆகிய யாவும் கவுண்டி சபைகளின் தலையில் விழுந்தன. 25,000 பேர்கூட இல்லாத ரட்லண்டு இச்சுமையைத் தாங்குமா என்று லண்டன் அதிகாரிகள் வினவினர். 1958-இல் அமைந்த கமிஷன், ரட்லண்டை லெஸ்டர்ஷைரோடு சேர்த்துவிட வேண்டும் எனச் சிபாரிசு செய்தது. மக்கள் கடுமையாக எதிர்த்தனர். 1963-இல் மந்திரி அந்த யோசனையைக் கைவிட்டார். வெற்றி நீடிக்கவில்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1974 ஏப்ரல் 1 முதல் ரட்லண்டு தனிக் கவுண்டி என்ற நிலையை இழந்து லெஸ்டர்ஷைரின் ஒரு பிரிவாயிற்று. கீழ்நிலைச் சபையொன்று ஓக்கத்தில் இருந்தது. ஆயினும் கல்வியும் பெருஞ்சாலைகளும் லெஸ்டர் நகரிலிருந்து நிர்வகிக்கப்பட்டன.

இதே ஆண்டுகளில் மற்றோர் இழப்பும் நேர்ந்தது. கிழக்கு மத்திய இங்கிலாந்தின் நகரங்களுக்குக் குடிநீர் வேண்டி, எம்பிங்கம் என்ற ஊரருகே குவாஷ் ஆற்றின் குறுக்கே அணை எழுந்தது. நெதர் ஹாம்பிள்டன் என்ற குக்கிராமம் முழுவதும், மிடில் ஹாம்பிள்டனின் பெரும்பகுதியும் நீரில் மூழ்கின. மேட்டின்மேல் இருந்த அப்பர் ஹாம்பிள்டன் மட்டும் மூன்று புறமும் நீர் சூழ நிற்கிறது. நார்மண்டன் தேவாலயத்தின் அடிப்பகுதியைக் கல்லிட்டு நிரப்பிக் காப்பாற்றினர். பரப்பளவால் இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இதுவே. எம்பிங்கம் நீர்த்தேக்கம் என்று முதலில் வழங்கிய இதற்கு, 1976-இல் திறக்கப்பட்டபோது ‘ரட்லண்டு வாட்டர்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. கவுண்டிகளின் பட்டியலிலிருந்து மறைந்த பெயர் ஓர் ஏரியின் பெயராக நிலைத்தது! அற்றுப்போன விராலடிப்பான் என்னும் மீன்பிடிப் பருந்தை 1996 முதல் இங்கே கொண்டுவந்து விட்டனர். 2001-இல் அது மீண்டும் குஞ்சு பொரித்தது.

பெயர் மறைந்தும் மக்களின் பற்று மறையவில்லை. 1994-இல் புதிய கமிஷன் ஒன்று இப்பிரச்சினையை மீண்டும் ஆராய்ந்து, ரட்லண்டுக்குத் தனிச் சபை அளிக்கலாம் எனச் சிபாரிசு செய்தது. 1997 ஏப்ரல் 1-ஆம் நாள், சரியாக 23 ஆண்டுகள் கழித்து, ரட்லண்டு தன் நிர்வாகத்தைத் திரும்பப் பெற்றது. ஷெரீப் பதவியும் மீண்டது. போலீஸ், தீயணைப்பு ஆகிய இரண்டை மட்டும் லெஸ்டர்ஷைரோடு கூட்டாக நடத்த ஏற்பாடாயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சட்டத்தின் கண்ணில் இச்சபை கவுண்டியின் கீழுள்ள ‘டிஸ்டிரிக்டு’ வகையைச் சேர்ந்தது. மக்களோ அதைக் கவுண்டி சபை என்றே அழைக்க விரும்பினர். முடிவில் ‘ரட்லண்டு கவுண்டி சபை டிஸ்டிரிக்டு சபை’ என்ற நீண்ட பெயர் ஏட்டில் ஏறிற்று. தபால் இலாகாவின் முகவரிப் பட்டியலில் ரட்லண்டு மீண்டும் இடம் பெறுவதற்கு மேலும் பத்தாண்டு ஆகி, 2008-இல்தான் அது கைகூடிற்று. எல்லையை ஒரே நாளில் மாற்றலாம். ஏடுகளை மாற்றுவது எளிதன்று.

இந்தச் சுதந்திரத்திற்கு விலையும் உண்டு. ஒரு சபைக்கு வேண்டிய அதிகாரிகள், அலுவலகங்கள், பொறுப்புகள் ஆகியவற்றின் செலவைச் சில ஆயிரம் குடும்பங்களே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே, ரட்லண்டு மக்கள் செலுத்தும் வீட்டு வரி அண்மை ஆண்டுகளில் இங்கிலாந்தின் மிக உயர்ந்த விகிதங்களின் வரிசையில் இடம் பெற்றது. 2024 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஸ்தல சபை ஒன்றுக்குப் பொதுவாக 5,00,000 மக்களேனும் இருத்தல் நலம் என்றது. அடுத்த ஆண்டில், லெஸ்டர்ஷைரிலுள்ள சபைகளோடு ரட்லண்டையும் அழைத்து, சீரமைப்புக்கான யோசனைகளைக் கேட்டது. 1958-இல் எழுந்த அதே வினா மறுபடியும் வாசலில் வந்து நின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? கணக்கு மட்டும் பார்த்தால் ரட்லண்டு தனித்திருக்க நியாயமில்லை. பற்று மட்டும் பார்த்தால் அதைப் பிறரோடு சேர்க்க நியாயமில்லை. அப்பிங்கத்துச் சாக்கடை, பற்று மாத்திரம் போதாது என்று காட்டிற்று. 1974-க்குப் பின் வந்த 23 ஆண்டுகள், கணக்கு மாத்திரம் போதாது என்று காட்டின. தங்கள் பெயர் தாங்கிய சபைக்காக அதிக வரி தரவும் மக்கள் முன்வரும்போது, அப்பெயருக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று அதிகாரிகள் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே சமயம், வரியும் சேவையும் பொருந்தவில்லையேல் பெயர் மட்டும் மக்களைக் காப்பாற்றாது. எல்லைக் கோட்டை வரைபவர்கள் இவ்விரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுத்துப் பார்ப்பது நல்லது.