ஓராண்டுக் காணிக்கை

பல்கலைக்கழகம் புகுமுன் பிள்ளை ஓராண்டு அயல்நாட்டில் தொண்டாற்ற விழைந்தால், "ஓராண்டு வீணாகுமே" எனப் பெருங்குடிப் பெற்றோர் அஞ்சுவதைக் கேட்கிறோம். இவ்வழக்கத்தின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

பிரிட்டனில் கட்டாயப் படைப்பணி முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடைப்பட்ட ஓராண்டை இளைஞர் வறிய நாடுகளுக்கு அளிக்கலாமே என்று 1958இல் போர்ட்ஸ்மத் ஆங்கிலிக்கன் ஆயர் பிளெமிங் 'சண்டே டைம்ஸ்' இதழுக்கு மடல் வரைந்தார். அவ்வாண்டே அலெக், மோரா டிக்சன் தம்பதியர் கடல்கடந்த தன்னார்வத் தொண்டமைப்பைத் தொடங்கினர். பதினெட்டு வயதினர் சரவாக் வரை சென்றனர்.

பின்னர் அவ்வமைப்பு தேர்ச்சி பெற்றோரையே நாடலாயிற்று. வறியோருக்கு நல்லெண்ணத்தோடு திறமையும் தேவையன்றோ! ஆயினும் டிக்சன் இளையோரைக் கைவிடவில்லை. 1962இல் தாய்நாட்டிலேயே தொண்டாற்றுவதற்கென மற்றோர் அமைப்பை நிறுவினார்.

கடல்கடக்க இயலாத நம் பிள்ளைகளுக்கும் இவ்வழி உண்டு. படிக்கத் தவிக்கும் சிறாரும் தனித்து வாடும் முதியோரும் நம் தெருவிலேயே உள்ளனர். பிறர்க்கு அளித்த ஆண்டை இழந்த ஆண்டெனக் கணக்கிடல் தகுமோ?