ஜொகூர் மழையும் சைபீரியக் குளிரும்



"ஐயா, நம் நாட்டில் குளிர்காலமே இல்லை. பிறகு ஏன் டிசம்பரில் இப்படிக் கொட்டுகிறது?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி முன்பு கேட்டாள். "வடகிழக்குப் பருவமழை" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். நான் சொன்னது பெயர்தான், காரணமன்று என்பது பின்னரே உறைத்தது.

காரணம் சைபீரியாவில் தொடங்குகிறது. அங்கே குளிர்காலத்தில் நிலம் உறைய, அதன்மேல் குளிர்ந்த கனமான காற்று மலைபோல் குவிகிறது. மிதவெப்ப மண்டலத்தின் மேலைக்காற்றில் ஒரு தாழ்வு கிழக்கே கடக்கையில் அக்குவியல் உடைந்து, சீனாவைத் தாண்டித் தென்சீனக் கடலில் பாய்கிறது. வறண்டு புறப்பட்ட காற்று வெதுவெதுப்பான கடலில் நீராவியை அள்ளிக்கொண்டு நம் கரையை வந்தடைகிறது. இதனை ஆராய்வதற்காகவே 1978 டிசம்பரில் பன்னாட்டு அறிவியலாளர்கள் கோலாலம்பூரில் கூடினர்.

நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் புயல் உருவாகாது என்றுதான் நாமும் படித்தோம். 2001 டிசம்பர் 27-இல் வாமே புயல் ஏறத்தாழ 1.5 பாகை வடக்கில் உருவாகித் தென்கிழக்கு ஜொகூரில் கரையேறியது! நாள்கணக்கில் ஓயாது பாய்ந்த அந்தக் குளிர்காற்றும், போர்னியோ கரையோரம் எழும் சுழலும் குறுகிய கடலில் ஒன்றுசேர்ந்த விளைவு அது.

அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த வெள்ளத்தைப் பெற்றோர் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2006 டிசம்பர் 19 முதல் ஓர் அலை. நீர் வடிந்து வீடு கழுவி முடிப்பதற்குள் 2007 சனவரி 12 முதல் மறு அலை. சிகாமாட், கோத்தா திங்கி, மூவார், பத்து பகாட், குளுவாங் என மாநிலமே மூழ்கியது. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களில் தங்கினர். கோத்தா திங்கியில் இரண்டாம் வெள்ளம் முதலாவதையும் விஞ்சியது. தெற்கு வரை ஊடுருவிய வலுவான வடகிழக்குக் காற்றும், இந்தியப் பெருங்கடலிலிருந்து கிழக்கே நகர்ந்த மேகத்திரளும் அம்மழைக்குப் பங்களித்ததை மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பிரெடோலின் தங்காங் குழுவினர் 2008-இல் விளக்கினர். (காட்டை அழித்ததும் கால்வாயை அடைத்ததும் நம் கணக்கு, அதைச் சைபீரியாவின்மேல் போட முடியாது.)

பள்ளி திறந்து இரண்டாம் வாரம் அது. இரவல் பாடநூல்கள் ஊறி உப்பிப்போயின. சிற்றுண்டிச்சாலை மேசைகளில் அவற்றைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தோம், பாதி தேறவில்லை.

இப்போதெல்லாம் சீனாவில் கடுங்குளிர் என்று செய்தி வந்தால், குளிர்காற்று தென்சீனக் கடலைக் கடக்க ஓரிரு நாள் போதும் என்பது நினைவுக்கு வருகிறது. அலமாரியின் கீழ்த்தட்டு நூல்களை அன்றே மேலே ஏற்றிவிடுகிறேன்.